மந்திரித்து ஊதிய காய்ச்சல்

கெட்டது செய்யப் போகிறவனைத் தடுக்க நாலு பேர் வருவார்கள். நல்லது செய்யப் போகிறவனை யாரும் தடுக்க மாட்டார்கள். அதிலும் அவன் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, கையில் தட்டோடு மாரியம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். நான் என் வாழ்க்கையில் செய்த பெரிய கெடுதலை அப்படித்தான் செய்தேன். எல்லோரும் வழிவிட்டார்கள். சில பேர் கும்பிடவும் செய்தார்கள்.

நடந்தது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் கங்காணி. காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக்களத்தில் நின்று ரப்பர் பால் வெட்டுகிற ஆட்களின் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை பெரிசு. அந்தத் தொண்டைக்காகத்தான் தோட்டத்து ஸ்கூலில் என்னைப் பெற்றோர் சங்கத் தலைவராகப் போட்டார்கள். (படிப்புக்காக அல்ல. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், அதுவும் எட்டில் பாதி.) எங்கள் கோயிலுக்குப் பூசாரி திருவிழாவுக்கு மட்டும்தான் வருவார் என்பதால் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதும் என் வேலை.

இது இரண்டுக்கும் மேலே எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் திருநீறு மந்திரித்து ஊதினால் பிள்ளைகளுக்குக் குணமாகும் என்று எங்கள் வரிசை வீடுகளில், லயத்தில், ஒரு பேச்சு. பால் குடிக்காத குழந்தை, பயந்து அழுகிற குழந்தை, சும்மாவே அழுகிற குழந்தை என்று எல்லாம் என்னிடம் வரும். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை திருநீறு வைத்து, கண்ணை மூடி மாரியம்மனை நினைத்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோய் "ஃபூ" என்று ஊதுவேன். எவ்வளவு கிட்டப் போய் ஊதுகிறோமோ அவ்வளவு பலன் என்பது என் கணக்கு. பிள்ளை திகைத்துப் போய் அழுகையை நிறுத்திவிடும். முகத்தில் சாம்பலை ஊதினால் யார்தான் திகைக்க மாட்டார்கள்? அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வருஷம் வெளிநாட்டில் பன்றிக் காய்ச்சல் கிளம்பி, கொழும்பு வரைக்கும் வந்துவிட்டது என்று ரூபவாஹினி டி.வி.யில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். (எங்கள் தோட்டத்தில் பன்றி வளர்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் வீட்டுப் பக்கம் ஒரு மாதம் யாரும் போகவில்லை. அந்தப் பன்றி கடைசி வரைக்கும் நல்ல சுகமாக இருந்தது.) மழைக்காலம் வேறு. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கணக்கில் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. எல்லாரும் லயத்துக்குள் அடைந்து கிடந்து ஒருவர் முகத்தில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பி.எச்.ஐ. மாத்தயா ஸ்கூலுக்கு வந்து கூட்டம் வைத்தார். சுகாதாரப் பகுதி அதிகாரி, மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. நல்ல மனிதர், கண்டிப்பானவர், காக்கிச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் சிங்களத்தில் சொல்ல, எங்கள் ஸ்கூல் தலைமை வாத்தியார், அதிபர், தமிழில் திருப்பிச் சொன்னார். சோப் போட்டுக் கை கழுவ வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் வாயை லேஞ்சிக் கைக்குட்டையால் மூட வேண்டும். காய்ச்சல் உள்ள பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படக் கூடாது. இவ்வளவுதான் அவர் சொன்னது. ஒரு குழந்தைக்குக்கூட விளங்கும்.

ஒரு குழந்தைக்கு விளங்கவும் செய்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த வினோதினி எழுந்து நின்று அத்தனையையும் அப்படியே ஒப்பித்தாள். பி.எச்.ஐ. மாத்தயா கைதட்டினார்.

வினோதினி என் ஆட்களோடு பால் வெட்டுகிற பாக்கியத்தின் மகள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்குத்தான் வருவார். அந்த வருஷம் அவள் ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருந்தாள். எங்கள் ஸ்கூல் தொடங்கிய காலத்திலிருந்து அந்தப் பரீட்சையில் ஒரு பிள்ளையும் பாஸாகவில்லை. பாஸானால் டவுனில் நல்ல ஸ்கூல், ஹொஸ்டலில் இடம், மாதாமாதம் உதவிப் பணம். அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், மென்மையாகப் பேசுகிறவர். தினமும் ஸ்கூல் விட்ட பிறகு அவளை வைத்துப் படிப்பித்தார். இந்த முறை ஒரு பிள்ளை நிச்சயம் என்று என்னிடமே சொன்னார். பாக்கியம் அதை வெளியே சொல்ல மாட்டாள், கண் பட்டுவிடும் என்று பயம். ஆனால் மரத்தடியில் வாளியை வைத்துவிட்டு அவள் தானாகச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தின் முடிவில் நன்றி சொல்ல எழுந்தேன். நன்றியோடு நிறுத்தியிருக்கலாம். தொண்டை பெரிசு என்று சொன்னேன் அல்லவா? மாத்தயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் மாரியம்மன் தாயின் துணை இல்லாமல் சோப் மட்டும் என்ன செய்யும், நாளையிலிருந்து காலையில் ஸ்கூல் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் நானே திருநீறு மந்திரித்துப் போடுகிறேன், ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் அண்டாது என்று அறிவித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பி.எச்.ஐ. மாத்தயாவும் தட்டினார். (நான் சொன்னதை யாரும் அவருக்குச் சிங்களத்தில் சொல்லவில்லை.)

மறுநாளிலிருந்து தொடங்கினேன். பெரட்டு முடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தட்டோடு ஸ்கூல் வாசலில் போய் நிற்பேன். எனக்குத் தெரிந்த ஒழுங்கு பெரட்டு ஒழுங்குதான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக வரவழைத்து, முகத்துக்கு நேரே ஊதி, பிறகு நெற்றியில் பூசி உள்ளே அனுப்பினேன். நூறு பிள்ளைகளுக்கு மேல். ஊதி முடிக்கும்போது எனக்கே தலை சுற்றும்.

சாம்பல் மூக்கில் ஏறியதும் பிள்ளைகள் தும்மத் தொடங்கினார்கள். ஒருத்தன் தும்ம, பின்னால் நிற்கிறவன் தும்ம, வரிசை முழுக்கத் தும்மல் போகும். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு அம்மா கேட்டாள். "காய்ச்சல் வெளியே போகுது" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதிபருக்கு மட்டும் முகம் சரியில்லை. இரண்டாம் நாள் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஐயா, ஊதாமல் சும்மா பூசிவிட்டால் காணாதோ?"

யாழ்ப்பாணத்தில் ஊதுகிற வழக்கம் இல்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். பூசுவது நெற்றிக்கு, ஊதுவது உயிருக்கு என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை, அந்த நேரத்தில் வாயில் வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் கோயில் ஆள், பெற்றோர் சங்கத் தலைவர். அவர் ஊர்விட்டு ஊர் வந்து வேலை செய்கிறவர்.

பரீட்சை நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வாரம் எனக்கு உடம்பு கனத்தது. முதலில் தொண்டைக் கரகரப்பு, பிறகு மூக்கு, பிறகு குளிர். லெட்சுமி, என் வீட்டுக்காரி, கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அனலா கொதிக்குது. பிள்ளைங்ககிட்ட போகாதீங்க. மாத்தயா சொன்னது ஒங்களுக்கும் சேத்துத்தான்."

"பெரட்டுக்கே நான் மட்டம் போட்டதில்ல. சாமி காரியத்துக்கா போடுவேன்?"

இதைச் சொன்னபோது எனக்கு என் மேல் அவ்வளவு மரியாதை வந்தது. காய்ச்சலோடு சேவை செய்கிறேன் என்று கண் கூடக் கலங்கியது. (காய்ச்சலில் கண் கலங்கத்தான் செய்யும்.) தோட்டத்தில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். நடக்க முடிந்தால் வேலைக்குப் போக வேண்டும், படுத்தால் பேர் போச்சு. காய்ச்சலுக்காக வீட்டில் இருப்பது சோம்பேறித்தனம் என்று நான் நம்பினேன். இருமிய பிள்ளைகளை அம்மாமார் வீட்டில் வைத்துக்கொள்ளப் பார்த்தபோதும், "கூட்டிக்கிட்டு வாங்க, ஊதினா சரியாகும்" என்று ஆள் அனுப்பி வரவழைத்தேன். அந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் ஒட்டி நின்றன.

வியாழக்கிழமை காலையில் பாக்கியம் மகளோடு வந்தாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் தலையில் துணி கட்டியபடி, பால் வாளியோடு நின்றாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை பரீட்ச. இவளுக்கு மட்டும் கொஞ்சம் நல்லா ஊதி விடுங்கண்ணே."

வினோதினி முன்னால் வந்தாள். பி.எச்.ஐ. மாத்தயா சொல்லிக் கொடுத்தபடி, லேஞ்சியை மடித்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் சரியாகச் செய்தது. அந்த வரிசையில் அப்படிச் செய்தவள் அவள் ஒருத்திதான். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். "சாமிக்கு முன்னால வாய மூடக் கூடாதும்மா" என்று செல்லமாகத்தான் சொன்னேன். பிறகு உள்ளங்கையில் இரட்டைப் பங்கு திருநீறு எடுத்து, கிட்டப் போய், காய்ச்சலில் எரிகிற என் நெஞ்சில் இருந்த அத்தனை மூச்சையும் சேர்த்து ஊதினேன். போதாது என்று மறுபடியும் ஊதினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி மாமா" என்று உள்ளே போனாள்.

இன்றைக்கும் ராத்திரி சாமி கும்பிட்டுக் கண்ணை மூடினால் அந்தச் சின்னக் கை கீழே இறங்குவது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் பி.எச்.ஐ. மாத்தயாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தான் சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். வாசலில் நீண்ட வரிசை, புகை மாதிரிச் சாம்பல், தும்மல், நடுவில் நான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கிட்ட வந்தார்.

"மே மொகத கரன்னே, கங்காணி?"

இது என்ன செய்கிறாய் என்று கேட்டார். அவர் மெச்சுகிறார் என்று எடுத்துக்கொண்டு, நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். அவருக்கும் ஊதிவிடுகிறேன் என்றேன். அவர் பௌத்தர், ஆனாலும் தெய்வ காரியத்தை மறுக்காத மனிதர், மரியாதைக்கு ஹெல்மெட்டைக் கழற்றித் தலை குனிந்தார். நான் தட்டை ஏந்தி, கண்ணை மூடி, மாரியம்மா தாயே என்று மூச்சை உள்ளே இழுத்தேன்.

அந்த மூச்சு ஊதலாக வெளியே வரவில்லை. வாழ்க்கையில் நான் தும்மிய தும்மல்களில் அதுதான் பெரிசு. பெரட்டில் பேர் கூப்பிட்ட தொண்டை, பால் ஸ்டோர் வரைக்கும் கேட்டிருக்கும். தட்டிலிருந்த திருநீறு முழுக்க எழும்பியது. கண்ணைத் திறந்து பார்த்தால் பி.எச்.ஐ. மாத்தயாவின் மீசை வெள்ளை, சட்டை வெள்ளை, கண் மட்டும் கறுப்பாகத் திறந்திருந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. காய்ச்சல் வெளியே போகுது என்று ஒரு சின்னப் பயல் மட்டும் மெதுவாகச் சொன்னான்.

மாத்தயா கோபப்படவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். மூன்று நாளும் இப்படித்தானா என்றார். ஆமாம் என்றேன், ஒரு நாளும் தவறவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் திரும்பி அந்த வரிசையை முதல் பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளை வரைக்கும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு விளங்கியது. ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படக் கூடாது என்று அவர் சொன்னார். நான் என் மூச்சை ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் கூப்பிட்டுப் பங்கு வைத்திருக்கிறேன். நோய் கூட அவ்வளவு ஒழுங்காகப் பரவாது.

அன்றைக்கே ஸ்கூலை மூடினார்கள். சனிக்கிழமை லயம் முழுக்க இருமல். ஒவ்வொரு காம்பரா அறையிலும் ஒரு பிள்ளை சுருண்டு கிடந்தது. (அடுத்த வாரம் விசாரிக்க வேறொரு பி.எச்.ஐ. வந்தார். நம்முடைய மாத்தயா படுக்கையில் என்றார். அவர் என்னிடம் பேசும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசினார்.)

நல்லவேளையாகப் பிள்ளைகளுக்கெல்லாம் கொஞ்ச நாளில் காய்ச்சல் விட்டது. அம்மன் காப்பாற்றினாள். நான் ஊதியதையும் மீறிக் காப்பாற்றினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போகவில்லை. விடியும்போது வினோதினிக்கு உடம்பு கொதித்தது. டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிக் கொடுத்து, பாக்கியம் அவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். நான் ஒரு த்ரீவீலைப் பிடித்து அனுப்பிவிட்டு, கிட்டப் போகப் பயந்து, பின்னால் பஸ்ஸில் போனேன். டவுனில் பரீட்சை நடந்த ஸ்கூலின் வெளிமதிலுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றேன். அதிபர் உள்ளே பேசி அவளை ஜன்னலோரம் தனி மேசையில் உட்கார வைத்தாராம். முதல் பேப்பர் நன்றாக எழுதிவிட்டாள். இடைவேளையில் வந்து தண்ணீர் குடித்து, எல்லாம் தெரிந்த கணக்கு என்று அம்மாவிடம் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. இரண்டாம் பேப்பரில் மாத்திரையின் வேகம் குறைந்து காய்ச்சல் ஏறிவிட்டது. மேசையில் தலையை வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறாள். வெளியே வந்து என்னைத் தூரத்தில் பார்த்ததும் அவளாகவே சொன்னாள்.

"கடைசிப் பக்கத்துல எழுத்தெல்லாம் ஓடுச்சு மாமா. பிடிக்க முடியல."

பாக்கியம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஊதி விட்டதாலதான் இந்தளவுக்காவது எழுதிச்சு அண்ணே."

ரோட்டு வரைக்கும் நான் அவர்களுக்குப் பத்தடி பின்னாலேயே நடந்தேன்.

ரிசல்ட் வந்தபோது பாஸாகத் தேவையான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றாள். ஒரு பக்கம் எழுதியிருந்தால் தாண்டியிருப்பாள் என்று அதிபர் கணக்குப் பார்த்துச் சொன்னார். அடுத்த வருஷம் அவர் ஊர்ப்பக்கம் மாற்றலாகிப் போகும்போது விடைபெற வீட்டுக்கு வந்தார். அண்டைக்கு ஸ்கூல் வாசலில் உங்களை மறிச்சிருக்க வேண்டியது நான், மரியாதைக்காகப் பேசாமல் இருந்திட்டன் ஐயா என்றார். குற்றத்தில் பாதியைத் தான் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பார்த்தார், நல்ல மனிதர். நான் கொடுக்கவில்லை.

தோட்டத்துக்கு இது பெரிய சிரிப்பாகிவிட்டது. எனக்குக் 'காய்ச்சல் கங்காணி' என்று பேர் விழுந்தது. யட்டியாந்தோட்டை பஜாரில் சிங்களக் கடைக்காரர் என்னைக் கண்டதும் சட்டைக் காலரைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டு சிரிப்பார். ஒரு நாள் பால் நிறுக்கிற இடத்தில் பெண்கள் அந்தத் தும்மலைச் செய்துகாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியமும் அங்கே நின்றாள். அவள் சிரிக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து வடியவிட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு பல மாதம் வேலை விஷயத்தைத் தவிர என்னோடு பேசவில்லை. நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

அதோடு ஊதுவதை விட்டேன். ஸ்கூலில் தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் சோப் வைப்பதும், இருமுகிற பிள்ளையைத் திருப்பி வீட்டுக்கு அனுப்புவதும் என் வேலையாயிற்று. அம்மன் மேல் எனக்கு நம்பிக்கை ஒரு துளியும் குறையவில்லை. திருநீற்றிலும் குறை இல்லை. ஊதிய வாய் என்னுடையது.

பல வருஷம் கழித்துக் கொரோனா வந்து நாடே வாயை மூடிக்கொண்டபோது, எங்கள் வீட்டில் யாரும் சிரமப்படவில்லை. இந்த மனுசனோட குடும்பம் நடத்துறவளுக்கு மூக்க மூடப் புதுசா யாரும் சொல்லித் தரணுமா என்று லெட்சுமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். கல்யாண வீட்டில், காதுகுத்தில் நான் திருநீற்றுத் தட்டை எடுத்தாலே பேரப் பிள்ளைகள் வரை இரண்டடி பின்னால் போவார்கள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன்.

வினோதினி அதே தோட்டத்து ஸ்கூலிலேயே சாதாரணதரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தாள். பாடங்கள் பாஸ்தான், ஆனால் மேலே படிக்கத் தூரத்து டவுனுக்குப் போக வேண்டும், வசதி இல்லை. அவிசாவளைப் பக்கம் கார்மெண்ட் ஃபேக்டரியில் வேலைக்குப் போனாள். கல்யாணமாகி மறுபடியும் தோட்டத்துக்கே வந்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குள் அந்தக் கடைசிப் பக்கம் ஓடும்.

போன முறை ஸ்கூல் திறந்த அன்று காலையில் கோயிலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். வினோதினி தன் மகளுக்குப் புது வெள்ளைச் சீருடை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றாம் வகுப்பு, முதல் நாள். பின்னால் பாக்கியம். வினோதினி என்னைத் திருநீறு பூசச் சொன்னாள். எனக்குக் கை எழும்பவில்லை. நீயே பூசிவிடும்மா என்றேன். அவள் கேட்கவில்லை. பிள்ளையை என் முன்னால் நிறுத்தினாள்.

"நீங்கதான் பூசணும் மாமா. மூச்ச மட்டும் அடக்கிக்கோங்க."

கோயிலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை பாக்கியமும் சிரித்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, விரல் நுனியில் திருநீறு எடுத்து, அந்தச் சின்ன நெற்றியில் மெதுவாகப் பூசினேன். பூசி முடித்த பிறகும் விடவில்லை. அவர்கள் படியிறங்கி, ரோட்டில் ஏறி, ஸ்கூல் பக்கம் திரும்புகிற வரைக்கும் அடக்கிக்கொண்டே நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூச்சை இவ்வளவு நேரம் பிடித்தால் கண்ணில் தண்ணீர் வராமல் என்ன செய்யும் என்று லெட்சுமி எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.